தெக்லாவுக்கு ஓர் ஆரோக்கியமான ஜோடி

ஜனவரி 8, புதன்

புது நாட்குறிப்பு. மகன் ஆல்வின் மஸ்கட்டிலிருந்து அனுப்பியது. தாள் நல்ல தாள். கோடுகளுக்கு நடுவே இடைவெளிதான் அதிகம், கையெழுத்து கட்டுப்படாதவர்களுக்காகப் போட்டதுபோல. கான்வென்டில் தமிழ் பேசினால் அபராதம் என்பதால் நான் தமிழை வீட்டில் ஒழுங்காகக் கற்றேன். கடிதங்கள் ஆங்கிலத்தில், நாட்குறிப்பு தமிழில். இந்த முறையை மாற்றுவதாக இல்லை.

காலையில் கோயில் பீட விரிப்புகளைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தேன். மூன்றாக மடிக்க வேண்டும். பாடகர் குழுவில் பாடும் பெர்னதெத் நான்காக மடிப்பாள். அதற்காகத்தான் அவளோடு நான் பேசுவதில்லை.

பதினொரு மணிவாக்கில் தெக்லா வந்தாள். என் கணவரின் தங்கை, அடுத்த தெருவில் இருக்கிறாள். என் வயதுதான். போன வருடம் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை, மருந்து எல்லாம் முடிந்து, உதிர்ந்த முடி இப்போது சுருட்டையாக முளைத்திருக்கிறது. எழுபத்தொரு வயதில் சுருட்டை முடி. அதைத் தடவிக்கொண்டே பேசுகிறாள்.

மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். நோய் வந்த பெண்கள் ஒரு வரிசை, வராத பெண்கள் ஒரு வரிசை. நோய் வந்த ஒவ்வொருத்திக்கும் ஜோடியாக ஆரோக்கியமான ஒருத்தி வேண்டும். இரத்த உறவு கூடாது. ஆனால் வயது, ஊர், சாப்பாடு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்.

"நாப்பத்தஞ்சு வருசமா என் கொழம்பக் கொற சொல்லிக்கிட்டே சாப்பிட்டது நீங்கதான மைனி," என்றாள். "ஒங்கள விட்டா எனக்கு யாரு ஜோடி?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆரோக்கியமானவள் என்று மருத்துவக் கல்லூரியே ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது மறுப்பது மரியாதை அல்ல.

ஜனவரி 9, வியாழன்

அலமாரிக் கண்ணாடி பழசாகிவிட்டது. இடது பக்கம் ஒரு சின்னக் குழி காட்டுகிறது. தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 10, வெள்ளி

தெக்லாவோடு ஆட்டோவில் மருத்துவக் கல்லூரி. குடை கொண்டுபோனேன். தெக்லா வெயிலில் வெறுந்தலையோடு வந்தாள், சுருட்டையைக் காட்ட.

செண்பகவல்லி என்ற பெண் கேள்விகள் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியத்தில் பதில் சொன்னேன். தினமும் எவ்வளவு நேரம் வெயிலில் இருப்பீர்கள் என்றாள். ஆறு வயது முதல் குடையில்லாமல் வெளியே போனதில்லை, தேவனுக்கு நன்றி என்றேன். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்றாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒழுங்காக இருதயத்தால்தான் இறந்திருக்கிறார்கள் என்றேன்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. "மார்புல கட்டி கிட்டி ஏதும் தட்டுப்படுதாம்மா?" என்று கேட்டாள். கட்டி என்றால் தெரியும். கிட்டி என்றால் என்ன? ஒரு மருத்துவக் கல்லூரி இப்படிக் கேள்வி கேட்கலாமா? கேள்வி நாகரிகமாக இல்லை, அடுத்ததற்குப் போகலாம் என்றேன். அவளும் போய்விட்டாள்.

பிறகு இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் நிரஞ்சனி என்பவர் வந்து, மார்பகத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். எனக்குச் சொந்தமாகக் குடும்ப டாக்டர் இருக்கிறார் என்றேன். அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. அதை டாக்டர் நிரஞ்சனி கேட்கவில்லை.

வந்த வழியில் சீலா மீன் வாங்கினேன். நல்ல மீன்.

ஜனவரி 13, திங்கள்

தச்சர் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டுப் போனார். புதுக் கண்ணாடியும் அதே இடத்தில் குழி காட்டுகிறது. எதிலும் தரமில்லை.

ஜனவரி 20, திங்கள்

ஜோடிகளுக்கெல்லாம் இன்று விளக்கக் கூட்டம். டீ கொடுத்தார்கள், பிளாஸ்டிக் கப்பில். டாக்டர் நிரஞ்சனிக்கு முப்பது வயதுதான் இருக்கும். துப்பட்டாவை ஒழுங்காகக் குத்தியிருந்தார். எனக்குப் பிடித்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வைட்டமின் டி என்பது ஒரு சாவி. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அதற்கு ஒரு பூட்டு. சாவி பூட்டுக்குள் திரும்பினால்தான் வேலை நடக்கும். செல்கள் அளவு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் அந்த வேலைகளில் ஒன்று. அந்தப் பூட்டைச் செய்யும் ஜீன் எல்லாருக்கும் ஒரே அச்சு இல்லை, சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. அதைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று குறிக்கிறார்கள். அம்மாவிடமிருந்து ஓர் எழுத்து, அப்பாவிடமிருந்து ஓர் எழுத்து. எந்த எழுத்துக்காரர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

நான் எழுந்து நின்று, எனக்குப் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று கேட்டேன். அதைத் தனித்தனியாகச் சொல்ல மாட்டார்களாம். நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தமாம். ஒரு நாட்டில் சம்பந்தம் உண்டு என்றார்களாம், இன்னொரு நாட்டில் இல்லை என்றார்களாம்.

"அப்படியானா உங்களுக்கே தெரியாது," என்றேன்.

"தெரியாததுனாலதாம்மா ஆராய்ச்சி," என்றார்.

பரீட்சை எழுதச் சொல்லிவிட்டு மார்க் சொல்ல மறுப்பதை நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை. என் அப்பா சின்ன எழுத்து கொடுக்கக்கூடியவர் அல்ல. அம்மாவைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜனவரி 27, திங்கள்

ஆரோக்கியமான ஜோடிகள் எல்லாரும் மார்பகத்தைப் படமெடுத்துக்கொள்ள வேண்டுமாம். நோய் இல்லை என்று உறுதி செய்தால்தான் அந்த வரிசையில் சேர்ப்பார்களாம். இன்று என் முறை. தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்ததால் போகவில்லை. தொட்டி மிகவும் அழுக்கு.

என்னைத் தேர்ந்தெடுத்ததே ஆரோக்கியமானவள் என்றுதானே. தேர்ந்தெடுத்த பிறகு சந்தேகப்படுவது என்ன முறை?

பிப்ரவரி 3, திங்கள்

அவமானம். எழுத்தைச் சொல்ல மாட்டோம் என்றவர்கள் வைட்டமின் அளவை மட்டும் சொல்லிவிட்டார்கள். தெக்லாவுக்கு முப்பத்தொன்று. எனக்கு ஒன்பது. ஒன்பது என்பது என் வாழ்நாளில் நான் வாங்காத மார்க்.

தெக்லா ஆட்டோ முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தாள். மொட்டை மாடியில் நெத்திலி காய வைத்தே முப்பத்தொன்று எடுத்துவிட்டாளாம். முப்பத்தொன்று எடுத்தவளுக்குத்தானே நோய் வந்தது, எனக்கு வரவில்லையே என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எலும்புக்காக, மற்றதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்றார். கொஞ்சம் வெயிலும் படட்டும் என்றார். படமெடுக்கும் தேதியையும் மாற்றிக் கொடுத்தார்.

பிப்ரவரி 5, புதன்

மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குடை இல்லாமல் கூச்சமாக இருந்தது. ஒரு முன்கையை மட்டும் வெயிலில் நீட்டினேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கையில் அடிபட்டுவிட்டதா என்று விசாரித்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

படமெடுக்கப் போகவில்லை. காஸ் சிலிண்டர் வரும் நாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சிலிண்டர் இன்றுதான் வந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆல்வின் பேசினான். உடம்பு எப்படி இருக்கிறது என்றான். மருத்துவக் கல்லூரியில் ஆரோக்கியமானவர்கள் வரிசையில் இருக்கிறேன் என்று சொன்னேன். பெருமைப்பட்டான்.

ரவிக்கைகள் எல்லாவற்றிலும் இடது பக்கம் ஒன்றுபோல் அமையவில்லை. தையற்காரரை மாற்ற வேண்டும். இவர் இருபது வருடமாக எனக்குத் தைக்கிறார். வயதாகிவிட்டது அவருக்கு.

பிப்ரவரி 19, புதன்

தெக்லா ஒரு கூடை நெத்திலியோடு வந்து என் மாடியில் காயப் போட்டாள். அவள் மாடியில் இடமில்லையாம். அவள் மாடி என் மாடியைவிடப் பெரியது.

நான் நாற்காலியில், அவள் தரையில். பக்கத்து வீட்டுப் பூனையை விரட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசினாள். திடீரென்று நிறுத்தி, "முந்தானய எதுக்கு மைனி இடப்பக்கம் இழுத்து இழுத்து விடுதிய?" என்றாள்.

"காத்து."

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கொடியில் தொங்கிய துணி ஒன்றும் அசையவில்லை.

"நானும் எட்டு மாசம் காத்துன்னுதான் சொன்னேன்," என்றாள்.

போன வருடம் அவள் விஷயம் வெளிவந்தபோது, இப்படி மூடி வைப்பதெல்லாம் படிக்காதவர்கள் செய்வது, படித்தவர்கள் முதல் வாரமே டாக்டரிடம் போவார்கள் என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் நின்று சொன்னேன். அது அவளுக்கு ஞாபகம் இருக்கும். இன்று அதைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நெத்திலியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.

எனக்குத் தலை சுற்றியது. வெயில். கீழே இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையிலேயே தெக்லா. முகத்தில் ஒரு வருத்தம், அவ்வளவும் நடிப்பு. இந்த மாதக் கடைசிக்குள் படமெடுக்காவிட்டால் என் பெயரை நீக்கிவிட்டு அவளுக்கு வேறு ஜோடி போடுவார்களாம். வேறு யார் கிடைப்பார்கள் என்றேன்.

"பெர்னதெத்தக்கா ரெடியா இருக்காவ," என்றாள். "தெடமான ஆளு. ஒரு தலவலி வந்ததில்லையாம். படம் எடுக்கணும்னதும் செருப்ப மாட்டிட்டாவ."

பெர்னதெத் திடமானவள் என்று எந்த அடிப்படையில் சொல்கிறாள்? மாடிப்படி ஏறினால் அவள் மூச்சு வாங்குவது பாடகர் குழு முழுவதற்கும் தெரியும். மருத்துவக் கல்லூரியின் ஆரோக்கியமான வரிசையில், என் இடத்தில், நான்காக மடிக்கிறவளா?

திங்கட்கிழமை ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

படமெடுக்கும் பெண் என்னைப் பாட்டி என்று கூப்பிட்டாள். மிஸஸ் எமரென்சியா கர்வாலோ என்று பெயர் சொன்னேன். சரி பாட்டி என்றாள்.

அந்த இயந்திரத்தைச் செய்தது நிச்சயமாக ஓர் ஆண்தான். தோளை இறக்கு, முதுகை வளை, கன்னத்தைத் திருப்பு, மூச்சை நிறுத்து. கான்வென்டில் வருடக்கணக்காகப் பழகிய நேரான நிலையெல்லாம் அதற்கு ஆகவில்லை. இரண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவே சப்பாத்தி போல. இருந்தாலும் நான் முகம் சுளிக்கவில்லை.

வலது பக்கம் சீக்கிரம் முடிந்தது. இடது பக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தாள். நடுவில் டாக்டர் நிரஞ்சனியும் வந்தார். என் அந்தப் பக்கம் படத்துக்கு நன்றாக விழுகிறதுபோல என்று வெளியே வந்து தெக்லாவிடம் சொன்னேன். எதற்கும் சிரிக்கிறவள் சிரிக்கவில்லை. என் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 27, வியாழன்

ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். பிறகு தெக்லா ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். நான் கேட்டது ஸ்ட்ராபெரி. அவள் வாங்கியது இரண்டும் வெனிலா. இரண்டையும் அவளே சாப்பிட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

ஆல்வின் பேசினான். வெயில் அதிகம் என்று சொன்னேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலையில் கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். நீ மண்ணாயிருக்கிறாய் என்று குருவானவர் சொல்லும்போது வழக்கமாகப் பக்கத்தில் இருப்பவர்களை நினைத்துக்கொள்வேன். இன்று முடியவில்லை.

அங்கிருந்து நேரே மருத்துவக் கல்லூரி. இருவரும் நெற்றியில் சாம்பலோடு. டாக்டர் நிரஞ்சனி எனக்கு முதலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

புற்றுநோய்தான். சின்னது. அக்குளுக்குப் பரவியதுபோல் ஸ்கேனில் தெரியவில்லை, அறுவை செய்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். தெக்லா என் கையைப் பிடித்தாள். பிடித்தது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இது என் குடையால் வந்ததா, சின்ன எழுத்தால் வந்ததா?

"ரெண்டுமில்லம்மா," என்றார். "ரெண்டுந்தான்னும் சொல்ல முடியாது. ஒரு ஆளைக் காட்டி, இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வயசு ஒரு காரணம். மத்தபடி நீங்க எந்தத் தப்பும் பண்ணல."

தவறு செய்யாமல் ஒரு தண்டனை வருவதை எங்கள் கான்வென்டில்கூட யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். யாரிடம் முறையிடுவது என்று கேட்டேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி மூடித் திறந்தார். சின்னப் பெண். அழுதுவிடுவார்போல இருந்ததால், துப்பட்டா நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

என் பெயரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவீர்களா என்றேன். மாட்டார்களாம். கொடுத்த இரத்தம் வீணாகாதாம். தெக்லாவின் வரிசைக்கு மாற்றிவிடுவார்களாம்.

நாற்பத்தைந்து வருடம் தெக்லாவின் வரிசைக்குப் போகாமல் இருக்க நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்.

ஆட்டோவில் ஏறினோம். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "எத்தன மாசம் மைனி?"

"நாலு."

"எனக்கு எட்டு," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."

பரிசை ஏற்றுக்கொண்டேன். வீடு வரும்வரை இருவரும் சிரித்ததில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். சாம்பல் புதன்கிழமை சிரிக்கக் கூடாது என்பது தெரியும்.

மார்ச் 6, வியாழன்

ஆல்வினைக் கூப்பிட்டுச் சொன்னேன். வரிசை மாறிவிட்டது என்று தொடங்கினேன். அவனுக்குப் புரியவில்லை. கட்டி என்ற சொல்லைச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன பிறகு அது அவ்வளவு பெரிய சொல் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

நாளை அறுவை. பீட விரிப்புகளை யாரிடம் கொடுப்பது என்று குருவானவர் கேட்டார். யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், மூன்றாக மடித்தால் போதும் என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். தெக்லா சமைக்கிறாள். குழம்பில் புளி அதிகம். சொன்னேன். அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மார்ச் 30, ஞாயிறு

அறுவைக்குப் பிறகு முதல் முறையாகக் கோயிலுக்குப் போனேன். பீட விரிப்பு நான்காக மடித்த தழும்போடு இருந்தது. ஆனால் கஞ்சி சரியாகப் போட்டிருந்தாள். அதை மறைக்க முடியாது.

ஏப்ரல் 2, புதன்

அறுத்ததைச் சோதித்த முடிவு வந்தது. அக்குளில் ஒன்றுமில்லை. இனி கதிர்வீச்சும், தினமும் ஒரு மாத்திரையும். முடி கொட்டாதாம். அப்படியானால் சுருட்டையும் வராது என்று தெக்லா ஆறுதல் சொன்னாள்.

தச்சருக்கு ஆளனுப்பி, கண்ணாடியைப் பற்றி நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். கண்ணாடி நல்ல கண்ணாடிதான்.

டாக்டர் நிரஞ்சனி இன்னொரு விஷயம் சொன்னார். இப்போது தெக்லாவுக்கும் ஜோடி இல்லை, எனக்கும் இல்லை. எங்கள் வயதில், எங்கள் பகுதியில் ஆரோக்கியமான பெண்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். பெர்னதெத்தான் முன்னமே வருவதாக இருந்தாளே என்றேன். அப்படி யாரையும் தமக்குத் தெரியாது என்றார். நான் திரும்பித் தெக்லாவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெர்னதெத் வீட்டுக்குப் போனேன். எத்தனையோ வருடம் கழித்து. தெக்லா ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பெர்னதெத் விரிப்பு விஷயமாகத்தான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, "சிஸ்டர் சுப்பீரியரே நாலாத்தான் மடிச்சாக," என்று தொடங்கினாள். விரிப்பைப் பற்றிப் பேச வரவில்லை என்றேன். உட்காரச் சொன்னாள். மக்ரூன் வைத்தாள். சாப்பிட்டேன்.

ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். சாவி, பூட்டு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம். தன்னை ஆரோக்கியமானவள் என்று தேர்ந்தெடுத்ததில் அவளுக்கு மகிழ்ச்சி. எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அவளும் எங்கள் கான்வென்ட்தான், எனக்கு இரண்டு வகுப்பு கீழே.

இரத்தம் எப்போது எடுப்பார்கள் என்றாள். முதலில் படம், பிறகுதான் இரத்தம் என்றேன். படம் எதற்கு, எனக்கென்று குடும்ப டாக்டர் இருக்கிறாரே என்றாள். அந்த டாக்டர் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அடக்கத்துக்கு இருவரும் ஒரே வேனில்தான் போனோம்.

செண்பகவல்லியின் கேள்வியை நானே கேட்டேன். கிட்டி என்ற சொல்லைத் தவிர்த்து, முழு வாக்கியமாக, அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

பெர்னதெத் மக்ரூன் தட்டை நகர்த்தி வைத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். கேள்வி நாகரிகமாக இல்லை என்றாள்.

ஆட்டோவைக் காத்திருக்கச் சொன்னேன்.